ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி

நான்கு எலுமிச்சம் பழங்களைப் பிழிந்து, சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றிச் சமையலறையில் வைத்துவிடுங்கள். ஓரிரு நாட்களில் அதன் மணம் மாறும். நிறம் மங்கிப் பழுப்பேறும். மேலும் சில நாட்கள் விட்டால் மேற்பரப்பில் வெண்ணிறப் படலம் படரும். அதே சாறு சர்க்கரைப் பாகுடன் சேர்ந்து, 'ஸ்குவாஷ்' என்ற பெயருடன் புட்டியில் அடைபட்டுக் கடை அலமாரியில் மாதக் கணக்கில் நிற்கிறதே, அது மட்டும் ஏன் கெடுவதில்லை?

சர்க்கரைதான் காரணம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். பாதி உண்மை. ஜாமில் நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அவ்வளவு செறிவான பாகில் விழும் நுண்ணுயிர்களின் உடலிலுள்ள நீரைப் பாகே வெளியே இழுத்துவிடுகிறது. அவை பெருக முடிவதில்லை. ஆனால் ஸ்குவாஷில் சர்க்கரை 40 அல்லது 45 பங்குதான். ஈஸ்ட்டுக்கு இது தடையன்று, விருந்து! புளிப்பும் அதனை முழுவதுமாகத் தடுப்பதில்லை. எஞ்சிய காவல் வேலையைச் செய்வது, ஒரு கிலோ ஸ்குவாஷில் அரை கிராமுக்குச் சற்று மேலாகச் சேர்க்கப்படும் ஒரு வெள்ளைப் பொடி.

அதன் பெயர் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் கடைக்காரரும் ஸ்குவாஷ் செய்பவரும் 'கே.எம்.எஸ்.' என்று சுருக்கி அழைக்கிறார்கள். புட்டியின் சீட்டில் 'அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகைப் பதப்பொருள்' என்றும், ஐ.என்.எஸ். 224 என்ற எண்ணாலும் இதனைக் குறிப்பார்கள். இதன் உடன்பிறப்பான சோடியம் மெட்டாபைசல்பைட்டுக்கு எண் 223. கோடை விடுமுறையில் வீட்டிலேயே ஸ்குவாஷ் செய்வதென்று நீங்கள் இறங்கினால் இந்தப் பொடி உங்கள் கைக்கு வரும். வருமுன் அதைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

பொடிக்குள் பூட்டிய வாயு

இப்பொடியின் மூலக்கூறு ஒன்றில் இரண்டு பொட்டாசியம் அணுக்கள், இரண்டு கந்தக அணுக்கள், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. இதனைக் 'கந்தக டைஆக்சைடு வாயுவைத் திடப்பொருளாகப் பூட்டி வைத்த பெட்டி' என்று சொன்னால் தவறில்லை. 100 கிராம் பொடியில் ஏறத்தாழ 57 கிராம் அந்த வாயுவாக வெளிவரக்கூடியது.

கந்தக டைஆக்சைடு உங்களுக்குப் புதியதன்று. தீக்குச்சியை உரசியவுடன் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதே ஒரு நெடி, அதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. உணவைக் காப்பது உண்மையில் இந்த வாயுதான். பொடி அதனைச் சுமந்து வரும் வண்டி.

பெட்டியைத் திறக்கும் சாவி எது? அமிலம். பொடியை நீரில் கரைத்தால் அது பைசல்பைட் அயனியாக மாறுகிறது. இந்த நிலையில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். லேசாக நெடி வீசும், அவ்வளவுதான். அமிலம் சேர்ந்தால் பைசல்பைட் அயனி ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு, கந்தக டைஆக்சைடு மூலக்கூறாகவும் நீராகவும் பிரிகிறது. அமிலம் கூடக்கூட இந்த மூலக்கூறு வடிவமும் கூடும். கரைசலின் பி.எச். 4 ஆக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூட மூலக்கூறாக இராது. பி.எச். 3 ஆகக் குறைந்தால் அது சுமார் 6 பங்காக ஏறிவிடுகிறது.

நுண்ணுயிரின் தோலை ஊடுருவி உள்ளே சென்று அதன் நொதிகளைக் குலைப்பது மின்னூட்டம் இல்லாத இந்த மூலக்கூறு வடிவமே. அயனியால் அவ்வளவு எளிதாக உள்ளே நுழைய முடியாது. ஆகவேதான் புளிப்பான சாறுகளில் கே.எம்.எஸ். சிறிதளவே போதுமானதாக இருக்கிறது. புளிப்பில்லாத பண்டத்தில் அதே அளவு போட்டால் பலன் மிகக் குறைவு.

வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். பழத்திலுள்ள ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு செய்யும் வேலை அது. இறால் பிடிபட்ட சில மணி நேரத்தில் ஓட்டில் கரும்புள்ளிகள் விழுவதும் இதே இனத்தைச் சேர்ந்த நொதியால்தான். சல்பைட் இந்த நொதியையும் முடக்கிவிடும். உலர்ந்த ஆப்ரிகாட் பழம் பொன்னிறமாக இருப்பதன் இரகசியம் இதுவே. ஒரே பொடி கிருமியையும் தடுக்கிறது, நிறத்தையும் காக்கிறது, விலையும் மலிவு. உணவுத் தொழிலில் இது பரவியதில் வியப்பில்லை.

ஒரு சிறு கணக்கு

இனி ஆபத்துக்கு வருவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே.எம்.எஸ்.ஸின் மூலக்கூறு எடை 222. ஆகவே 222 கிராம் பொடி முழுவதும் சிதைந்தால் இரண்டு மோல் கந்தக டைஆக்சைடு கிடைக்கும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு மோலுக்கு 48 லிட்டர். அப்படியானால் 10 கிராம் பொடிக்கு? 2.16 லிட்டர்.

இப்போது மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு சமையலறையை எண்ணிக்கொள்ளுங்கள். அதிலுள்ள காற்று 27 கன மீட்டர், அதாவது 27,000 லிட்டர். சன்னல்கள் மூடியிருக்கின்றன. 10 கிராம் பொடி அமிலத்தில் விழுந்து, அதிலுள்ள வாயு முழுவதும் வெளிவந்து அறையெங்கும் சமமாகப் பரவியது என்று கொள்வோம். 2.16-ஐ 27,000-ஆல் வகுத்தால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 80 பங்கு கந்தக டைஆக்சைடு என்று விடை வரும்.

எண்பது என்பது பெரிதா, சிறிதா? ஒப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்! தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்பவர் சுவாசிக்கும் காற்றில் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 5 பங்குக்கு மேல் இவ்வாயு இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிலகச் சட்டம். 100 பங்கு இருந்தால் அது உயிருக்கு உடனடி ஆபத்தான நிலை என்று அந்நாட்டின் தொழிலக நலக் கழகம் வகுத்திருக்கிறது. நம் கணக்கில் வந்த 80, நூற்றுக்கு அருகில் நிற்கிறது. பத்து கிராம் என்பது இரண்டு தேக்கரண்டி அளவுகூட இல்லை.

உண்மையில் வாயு முழுவதும் உடனே வெளிவராது என்று நீங்கள் மறுக்கலாம். சரியான மறுப்புதான். கந்தக டைஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 40 லிட்டர் வாயுவை விழுங்கிக்கொள்ளும். ஆனால் இதற்கு எதிரான உண்மை ஒன்றும் உண்டு: வெளிவந்த வாயு அறையெங்கும் சமமாகப் பரவிய பிறகா நம் மூக்கை அடைகிறது? பாத்திரத்தின் மேல் குனிந்து நிற்பவருக்கு அறையின் சராசரி எந்த ஆறுதலும் தராது. இவ்வாயு காற்றைவிட இரு மடங்குக்கு மேல் கனமானது. தாழ்ந்த இடத்திலும் மூலையிலும் தங்கும். இறால் கருக்காமலிருக்க மெட்டாபைசல்பைட் தூவிய படகுகளின் அடித்தளக் கிடங்கில் இறங்கி மீனவர்கள் உயிரிழந்த நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் மருத்துவப் பதிவாகியுள்ளன. மூடிய இடம், ஈரம், மூட்டைக் கணக்கில் பொடி ஆகிய மூன்றும் அங்கே ஒன்று கூடின.

வீட்டில் ஒரு கிலோ ஸ்குவாஷுக்குச் சேர்ப்பது 0.6 கிராம். அது குளிர்ந்த சாற்றில் கரைந்துவிடுவதால் சமையலறைக் காற்றுக்குத் தப்புவது மிகச் சொற்பம். எனவே பொடியைக் கண்டு அஞ்சி ஓட வேண்டியதில்லை. எவ்வளவு பொடி, எதனுடன் சேர்கிறது, எந்த இடத்தில் சேர்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்.

இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள்

வீட்டு ஸ்குவாஷில் நேரும் தவறுகளில் மிக எளிதாக நேரக்கூடியது எது தெரியுமா? ஸ்குவாஷ் செய்யப் புறப்படுபவர் கடையில் இரண்டு பொருள்களைச் சேர்த்தே வாங்குவார். ஒன்று கே.எம்.எஸ். மற்றொன்று, புளிப்புக்காக, சிட்ரிக் அமிலம். அதாவது நம் கடைகளில் 'எலுமிச்சை உப்பு' எனப்படுவது. இரண்டும் வெள்ளை. இரண்டும் பளபளக்கும் சிறு படிகம். சில்லறைக் கடையில் இரண்டும் ஒரே மாதிரித் தாளில் மடித்துக் கிடைக்கும். இரண்டும் ஒரே பையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடு வந்து சேரும்.

இப்பொழுது வேதியியலை நினைவுகூருங்கள். ஒன்று வாயுவைப் பூட்டிய பெட்டி, மற்றொன்று அதன் சாவி. உலர்ந்திருக்கும் வரையில் அவை பேசாமல் கிடக்கும். பை நனைந்தால் போதும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி 'ஒரேயடியாகக் கரைத்துவிடலாம்' என்று சிறிது நீர் ஊற்றினாலோ, கேட்க வேண்டியதே இல்லை. கண் எரியும், தொண்டை கமறும், இருமல் விடாது.

இன்னொரு விபத்தும் உண்டு. செய்முறையில் சிட்ரிக் அமிலம் 10, 20 கிராம் கணக்கில் வரும், கே.எம்.எஸ். ஒரு கிராமுக்கும் கீழே. பொட்டலம் மாறிப்போனால் 0.6 கிராம் சேர்க்க வேண்டிய இடத்தில் 20 கிராம் விழும். முப்பது மடங்குக்கு மேல்!

பெயர் எழுதாத வெள்ளைப் பொட்டலம் ஒன்று அலமாரியில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? முகர்ந்து பார்க்காதீர்கள், நாக்கில் வைக்கவே வைக்காதீர்கள். அறிவியல் மாணவராகிய உங்களுக்கு வேறொரு யோசனை தோன்றலாம்: 'சிட்ரிக் அமிலம் சமையல் சோடாவுடன் நுரைக்குமே, சோதித்துப் பார்க்கலாமே!' இந்தச் சோதனை இங்கே கைகொடுக்காது. கே.எம்.எஸ். கரைசலும் அமிலத்தன்மை உடையதே. அதுவும் சோடாவுடன் ஓரளவு நுரைக்கும். சில ரூபாய்ப் பொருளுக்காக இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. வேறெதனுடனும் கலக்காமல் அப்புறப்படுத்திவிட்டு, பெயரும் நாளும் அச்சிட்ட புதிய உறையாக வாங்குங்கள். வாங்கிய அன்றே இரண்டையும் வெவ்வேறு கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, இறுக மூடி, பெயர் எழுதி ஒட்டி, வெவ்வேறு தட்டில் வையுங்கள். சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரமாக இருக்கட்டும்.

இறுக மூடச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் இப்பொடி சிறிது சிறிதாக ஆக்சிஜனை ஏற்றுச் சல்பேட்டாக மாறிவிடும். சல்பேட்டுக்குக் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. பல மாதம் திறந்து மூடிக் கட்டிபிடித்த பொடியைப் போட்டு ஸ்குவாஷ் புளித்துப் பொங்கினால், அடுத்த தடவை 'இன்னும் ஒரு கரண்டி போடு' என்று தோன்றும். அதுவே புதிய பொடியாக இருந்துவிட்டால் அளவு மிஞ்சும். பழைய பொடியால் இப்படியும் ஒரு சங்கடம். உலோக டப்பாவும் வேண்டாம். ஈரத்துடன் சேர்ந்து இரும்பை அரித்துவிடும். தகர டப்பாக்களில் அடைக்கும் பழச்சாறுகளுக்குத் தொழிற்சாலைகளில் கே.எம்.எஸ். சேர்க்காததற்கும் இந்த அரிப்பே காரணம்.

இப்பொடியின் நெருங்கிய உறவினர் ஒருவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது அதன் பெயர், வழக்கில் 'ஹைட்ரோஸ்'. வெல்லத்தைப் பளிச்சென்று வெளுப்பாகக் காட்டச் சிலர் இதைக் கலக்கிறார்கள். கே.எம்.எஸ். தீப்பற்றாது. ஹைட்ரோஸ் அப்படியன்று: குவியலில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெல்லம் வாங்கும்போது கருத்த மண்டையைத் தேர்ந்தெடுக்கும் பாட்டிமார்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

சாலடும் ஆஸ்துமாவும்

1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் அமெரிக்க உணவு விடுதிகளில் பச்சைக் காய்களையும் கீரைகளையும் பெரிய மேசையில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளும் 'சாலட்' வழக்கம் பெருகியது. காலையில் நறுக்கிய இலைக்கோசு மாலை வரை வாடாமல், பழுக்காமல் இருக்க வேண்டும். அதற்குச் சல்பைட் கரைசலைத் தெளித்தார்கள். அதில் முக்கி எடுத்தார்கள். உண்பவருக்கு அது தெரியாது. சாலடுக்குச் சீட்டு ஒட்டுவார் யார்?

சாப்பிட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமா நோயாளிகள். சிலர் இறந்தும் போயினர். 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பச்சையாக உண்ணும் காய்கனிகளில் சல்பைட் சேர்ப்பதைத் தடை செய்தது. மற்ற உணவுகளில் பத்து இலட்சத்தில் 10 பங்கும் அதற்கு மேலும் இருந்தால் சீட்டில் அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் உணவுச் சீட்டு விதிகளும் இதே 10 என்ற எல்லையை வைத்து, சல்பைட்டை ஒவ்வாமைப் பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கின்றன.

எல்லாருக்கும் ஏன் இப்படி நேர்வதில்லை? நம் உடலில், சிறப்பாக ஈரலில், சல்பைட் ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. உண்ட சல்பைட்டை அது தீங்கற்ற சல்பேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். நம் உடலே புரதத்திலுள்ள கந்தகத்திலிருந்து நாள்தோறும் சிறிது சல்பைட்டை உண்டாக்குகிறது; அதனைக் கையாளவே இந்த ஏற்பாடு. ஆனால் ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக் குழாய்கள் எளிதில் சுருங்கும் இயல்புடையவை. உணவை விழுங்கும்போது எழும் சிறிதளவு கந்தக டைஆக்சைடே அவற்றைச் சுருக்கிவிடக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் நூறு பேரில் 3 முதல் 10 பேர் வரை சல்பைட்டால் பாதிக்கப்படுவார்கள் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. உங்கள் வகுப்பில் மூச்சு மருந்துக் குழலைப் பையில் வைத்திருக்கும் நண்பர் இருக்கிறாரா? நீங்கள் செய்த ஸ்குவாஷை அவருக்கு நீட்டுமுன் அதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பொடியைக் கையாளும் வேலையையும் அவரிடம் தர வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு வகுத்த அளவு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லி கிராம் கந்தக டைஆக்சைடு. உங்கள் எடை 40 கிலோ என்றால் 28 மில்லி கிராம். இந்தியாவில் ஸ்குவாஷுக்கு நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வரும் உச்ச வரம்பு கிலோவுக்கு 350 மில்லி கிராம். ஒரு குவளை பானம் கலக்க 50 மில்லி லிட்டர் ஸ்குவாஷ் ஊற்றுகிறீர்கள்; அதன் எடை சுமார் 60 கிராம். உச்ச வரம்பு வரை சேர்த்த ஸ்குவாஷ் என்றால் அதில் 21 மில்லி கிராம். ஒரு குவளை பரவாயில்லை. இரண்டாவது குவளையில் வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள்! (புட்டியில் இருக்க இருக்க இந்த அளவு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.) வரம்பு என்பது ஒருநாள் தாண்டினால் நோய் வரும் என்ற கோடன்று, வாழ்நாள் முழுதும் உண்டாலும் தீங்கில்லை என்று கருதப்படும் அளவு. ஆயினும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் மறு ஆய்வு செய்தபோது, தான் வைத்திருந்த இதே 0.7 என்ற தற்காலிக அளவைப் போதிய சான்றில்லை என்று விலக்கிக்கொண்டது. மிகுதியாக உண்பவர்களைப் பற்றிக் கவலையும் தெரிவித்தது. விஞ்ஞானத்தில் இப்படிக் கோடுகள் நகர்வது இயல்பு.

இறைச்சியில் சல்பைட் சேர்ப்பதை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். மற்றது சுவையானது: பழைய இறைச்சிக்கும் அது புதிய சிவப்பு நிறம் தந்துவிடும்! வாங்குபவர் ஏமாறுவார்.

தராசில்லாமல் 0.6 கிராம்

350 மில்லி கிராம் வாயு தர வேண்டுமானால் எவ்வளவு பொடி தேவை? பொடியில் நூற்றுக்கு 57 பங்குதான் வாயு என்று கண்டோம். 350-ஐ 0.57-ஆல் வகுத்தால் 614 மில்லி கிராம். செய்முறை ஏடுகள் சொல்லும் 0.6 கிராம் இப்படித்தான் வந்தது.

ஆனால் எந்த வீட்டில் 0.6 கிராமை நிறுக்கும் தராசு இருக்கிறது? 'ஒரு சிட்டிகை' என்பார்கள். யாருடைய சிட்டிகை? அண்ணனுடைய சிட்டிகையும் தங்கையுடைய சிட்டிகையும் ஒன்றாகுமா? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் முறையையே இங்கும் கையாளலாம். 10 கிராம் என்று எடை அச்சிட்ட புதிய உறையை வாங்குங்கள். கொதித்து ஆறிய நீரில் அதனை முழுவதும் கரைத்து, கரைசல் மொத்தம் 100 மில்லி லிட்டர் வருமாறு நீர் சேருங்கள். ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் 0.1 கிராம் பொடி இருக்கும். ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 6 மில்லி லிட்டர் எடுத்தால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும், ஊசியில்லாத அளவுக் குழல் இதற்கு ஏற்றது. அதை இந்த வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

இதைச் செய்யும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். திறந்த சன்னல் பக்கமோ முற்றத்திலோ செய்யுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்றுகொள்ளுங்கள். உறையை மெதுவாகப் பிரித்து, பொடியை நீரின் அருகில் வைத்துச் சரிய விடுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் தூசி எழும்பும். இப்பொடி வாயுவாகாமல் தூசியாகவே மூக்கில் புகுந்தாலும் ஈரமான சவ்வில் பட்டு எரிக்கும். கண்ணில் விழுந்தால் கடுமையான கேடு விளைவிக்கும். கண்ணாடி அணிந்து, மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர், அலுமினியம் வேண்டாம்.

சாறும் பாகும் முற்றிலும் ஆறிய பிறகே கரைசலைச் சேருங்கள். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்: சூடான நீரில் வாயு கரைந்து நிற்காது. கொதிக்கும் பாகில் ஊற்றினால் காக்க வேண்டிய வாயு உங்கள் முகத்திற்கு வரும். புட்டிக்குள் ஒன்றும் மிஞ்சாது. மீந்த கரைசலை அடுத்த மாதத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்; அது வலுவிழந்துவிடும். ஒரு வாளி நீரில் கலந்து வெளியே சாக்கடையில் ஊற்றிவிடலாம். ஆனால் கழிவறை கழுவும் அமிலமோ, பிளீச்சிங் பவுடரோ ஊற்றிய இடத்தில் ஊற்றக்கூடாது. முன்னதுடன் வாயு எழும். பின்னதுடன் சூடு பறக்க வினை நடக்கும்.

சிந்தினால், பட்டால்

உலர்ந்த பொடி தரையில் சிந்திவிட்டால் துடைப்பத்தை வீசிப் பெருக்காதீர்கள். இரண்டு அட்டைத் துண்டுகளால் மெதுவாக வாரி எடுத்துவிட்டு, எஞ்சியதை நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். எலுமிச்சை பிழிந்த கையோடும் வினிகர் சிந்திய துணியோடும் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கண்ணில் பட்டால் கசக்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். தோலில் பட்டால் கழுவினால் போதும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், வாயைக் கொப்பளிக்கச் செய்து, உறையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். நெடி தாக்கியவரை முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். உட்கார வைத்து, கழுத்து இடுப்பு உடைகளைத் தளர்த்துங்கள். இருமல் சிறிது நேரத்தில் அடங்காவிட்டாலோ, மூச்சு இரைந்தாலோ தாமதிக்கலாகாது. அதிக வாயுவைச் சுவாசித்தவருக்கு முதலில் தெளிந்ததுபோல் தோன்றி, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோப்பதும் உண்டு. ஆகவே 'சரியாகிவிட்டது' என்று அவரே சொன்னாலும் மருத்துவர் பார்ப்பது நல்லது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது எலுமிச்சை ஸ்குவாஷ், கருந்திராட்சைப் பானம் இரண்டின் சீட்டுகளையும் படித்துப் பாருங்கள். முதலாவதில் பெரும்பாலும் 224 இருக்கும். இரண்டாவதில் 211, அதாவது சோடியம் பென்சோயேட், இருப்பதைக் காணலாம். இரண்டும் புளிப்புச் சாறுதானே, பதப்பொருள் மட்டும் ஏன் மாறுகிறது? ஒரு குறிப்பு தருகிறேன்: கந்தக டைஆக்சைடு ஒரு வெளுப்பான். திராட்சையின் ஊதா நிறத்துக்கு அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.